கேட்பாரற்ற குடைகள்

மழை பெய்தால் இயந்திரம் நின்றுவிடும். வெயிலடித்தால் ஓடும்.

இதைக் கண்டுபிடித்தவருக்கே இதில் நம்பிக்கையில்லை. பெரிய ரயில் நிலையம் ஒன்றின் தொலைந்த பொருள் அலுவலகத்தில், கீழ்த்தளத்து அறையில் தனியாக உட்கார்ந்து கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராமர் அவர். மேலே கவுன்ட்டரில் இருப்பவர்கள் அவரைப் ‘பாதாளம்’ என்று கூப்பிடுவார்கள். படியிறங்கி அங்கே போகிறவர்கள் குறைவு. அவர் மேலே வருவது அதைவிடக் குறைவு. மேலும் கீழும் பேசிக்கொள்ள ஒரு இன்டர்காம் இருந்தது. அது அடித்தால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

“பாதாளம், உன் டப்பா மறுபடியும் படுத்துடுச்சு.”

கவுன்ட்டர் அக்காவின் குரல். அவரைவிட நாலைந்து வயது மூத்தவள். அந்த அலுவலகத்தில் எல்லாரையும் விட அதிகக் கூட்டத்தைப் பார்த்தவள்.

“திரையில என்ன தெரியுதுக்கா?”

“சக்கரம் சுத்துது. அதைப் பார்த்து எனக்கும் தலை சுத்துது. வரிசை வாசலைத் தாண்டிடுச்சு.”

“வெளியில மழையா?”

“உனக்கு ஜன்னல் இல்லைங்கறதை நான் மறந்தே போயிடறேன். கொட்டுது.”

அவர் எல்லாவற்றையும் அணைத்து மீண்டும் எழுப்புவார். சக்கரம் நிற்கும், வரிசை நகரும். கொஞ்ச நேரத்தில் இன்டர்காம் திரும்பவும் அடிக்கும். மழைநாள் என்றால் அன்று முழுக்க இதே பிழைப்புதான்.

ஈரம்தான் காரணம் என்று முதலில் நினைத்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு பெரிய விசிறியைக் கொண்டுவந்து சர்வர் பெட்டிக்கு எதிரே வைத்தார். எலக்ட்ரீஷியன் வந்து மின்கம்பிகளை எல்லாம் சோதித்துவிட்டு, “கம்பியில ஒண்ணும் இல்ல சார். மெஷினுக்குச் சளி பிடிச்சிருக்கும், கஷாயம் வெச்சுக் குடுங்க” என்று சொல்லிச் சிரித்தபடி போனார். பாதாளம் சிரிக்கவில்லை. கஷாயம் கேட்டால்கூடக் கொடுத்துவிடும் நிலையில் இருந்தார்.

அந்த வாரம் மேலாளர் அவரைப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

“இதப் பாருங்க, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா வரிசை தெரியும். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பேன். அப்புறமும் மழைக்கு மழை இதே கதைன்னா, கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி பொருள் விவரம் எழுதி வெச்ச பழைய கார்டு டிராயரையே மேல ஏத்திடலாம். கையால தேடினா ஈரத்துக்கெல்லாம் நிக்காது.”

“அப்ப நான் சார்?”

“உங்களுக்கு ஒரு இடம் பார்ப்போம்.”

‘ஒரு இடம்’ என்றால் என்னவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். தலைமை அலுவலகத்தில் ஒரு நீளமான அறை. வேலை போகாமல், ஆனால் வேலை இல்லாமல் போனவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். காலையில் கையெழுத்துப் போட்டால் சாயங்காலம் வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒருமுறை ஏதோ காரியமாக அங்கே போனபோது, தன் வயதொத்த ஒருவர் ரப்பர் பேண்டை விரல்களில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்ததைப் பாதாளம் பார்த்திருக்கிறார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்து, “என்னைத் தேடியா வந்தீங்க?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லச் சங்கடமாக இருந்தது.

இங்கேயும் தனிமைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மேலே யாரோ ஒருவர் வாய் திறந்து ஒரு பொருளைக் கேட்டால், அந்தக் கேள்வி கீழே இறங்கி அவர் எழுதிய புரோகிராமுக்கு வருகிறது. அது பதில் சொல்கிறது. அந்த ஒரு போக்குவரத்தை இழக்க அவர் தயாராக இல்லை.

அடுத்த மழைக்கு அவர் காத்திருந்தார். இன்டர்காம் அடித்ததும், “அக்கா, இப்ப எழுப்ப மாட்டேன். படுத்திருக்கும்போதே ஒருதரம் பார்க்கணும்” என்றார்.

“கூட்டத்துக்கு யார் பதில் சொல்றது?”

“ஒரு பாட்டுப் பாடுங்க.”

“பாடினா கூட்டம் கலைஞ்சிடும். அதுவும் நல்ல யோசனைதான்.”

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் வரிசையைத் திரையில் கொண்டுவந்தார். வழக்கமாக நாலைந்து பெயர்கள் இருக்கும் இடத்தில் திரை நிரம்பி வழிந்தது. எல்லாம் ஒரே பெயர்: ‘தேடி’. அவரே எழுதி, அவரே பெயர் வைத்த தேடும் புரோகிராம். ஒவ்வொரு தேடியின் பக்கத்திலும் அது எதைத் தேடுகிறது என்றும் எழுதியிருந்தது. குடை. கறுப்புக் குடை. மடக்குக் குடை. குடை. பூப்போட்ட குடை. குடை.

விசிறியை அணைத்தார். ஈரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மழை வந்தால்தான் மனிதர்களுக்குக் குடை நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான். வெயில் நாட்களில் கண்ணாடி, கைப்பை, சாவி, ஒற்றைச் செருப்பு என்று கலந்து கேட்பவர்கள், மழை வந்ததும் ஒரே குரலில் குடை கேட்கிறார்கள். ரயிலில் தொலைபவற்றில் குடை அளவுக்கு வேறெதுவும் இல்லை. அந்த அலுவலகத்தில் குடைக்கென்றே தனி அறை உண்டு, அதன் கதவைத் திறந்தால் உள்ளேயிருப்பவை சரிந்து வெளியே வரும்.

ஆனால் இதில் ஒரு விசித்திரம் இருந்தது. வரிசையின் உச்சியில் இருந்த தேடி, காலையில் கவுன்ட்டர் திறந்த உடனேயே கிளம்பியது. கேட்டவர் இந்நேரம் குடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் துடைத்து மாட்டியும் இருப்பார். தேடி இன்னும் குடைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அது அப்படிச் செய்யக்கூடாது. ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரு அழகான ஏற்பாடு.

கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி வேலை செய்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே புரோகிராமில் திணிக்கமாட்டார்கள். சின்னச் சின்னதாக எழுதி, ஒன்றின் வாயை இன்னொன்றின் காதோடு ஒரு குழாயால் இணைத்துவிடுவார்கள். இங்கே பேசுவது தேடி. அது புதிதாக வந்து சேர்ந்த பொருளில் தொடங்கிப் பழையவற்றை நோக்கிப் போகும். பொருந்துகிற பொருள் கிடைத்தால் அதன் புகைப்படத்தைச் சின்னதாகச் சுருக்கி, விவரத்தை ஒரு வரியாகக் குழாயில் சொல்லும். குழாயின் மறுமுனையில் கேட்பது ‘வடி’ என்ற இன்னொரு சின்னப் புரோகிராம். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: முதல் பத்து வரிகளை வாங்கிக் கவுன்ட்டருக்கு அனுப்பிவிட்டு வெளியேறுவது. பத்துக்கு மேல் யார் பார்க்கப்போகிறார்கள்?

வடி போய்விட்டால் குழாயின் அந்த முனை மூடிக்கொள்ளும். தேடிக்கு அது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கேட்க ஆளில்லாத குழாயில் அடுத்த வரியை அது எழுதப் போனதும், எல்லாப் புரோகிராம்களையும் நடத்துகிற இயங்குதளம் அதற்கு ஒரு சிக்னல் அனுப்பும். உடைந்த குழாய்க்கான சிக்னல். வேறு ஏற்பாடு எதுவும் செய்யாத புரோகிராமுக்கு அந்தச் சிக்னலின் பொருள், அந்த இடத்திலேயே செத்துவிடு என்பது. கேட்கிறவர் எழுந்து போனால் பேசுகிறவரின் பேச்சும் தானாக நிற்கும். யாரும் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் தேடி ஏன் சாகவில்லை?

தன் மேசையிலேயே சோதித்தார். கறுப்புத் திரையில் தேடியையும் வடியையும் குழாயால் இணைத்து, குடை என்று கேட்டார். பத்துக் குடைகள் வந்தன, நின்றது. ஓடுகிறவற்றின் வரிசையைப் பார்த்தார்: அவர் கிளப்பிய தேடி அதில் இல்லை. மறுபடியும் கேட்டார். மறுபடியும் பத்து, மறுபடியும் சுத்தம். அதே புரோகிராம், அதே குழாய், அதே குடை. இவர் கேட்டால் செத்துவிடுகிறது, கவுன்ட்டர் கேட்டால் சாகமாட்டேன் என்கிறது.

ஓடிக்கொண்டிருந்த தேடி ஒன்றைப் பிடித்து, அதற்கும் இயங்குதளத்துக்கும் நடக்கும் உரையாடலை ஒட்டுக்கேட்டார். அதற்கென்று ஒரு கருவி உண்டு. திரையில் வரிகள் ஓடின. எழுதுகிறேன், படிக்க ஆளில்லை. எழுதுகிறேன், படிக்க ஆளில்லை. இயங்குதளம் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தேடி ஒரு தடவைகூட அந்தப் பதிலைக் காதில் வாங்கவில்லை. அடுத்த குடையை எடுத்தது, படத்தைச் சுருக்கியது, சொன்னது. சாவியோ செருப்போ என்றால் சீக்கிரம் தீர்ந்து நின்றிருக்கும்; குடை தீராது, இப்படி நிற்காத தேடிகள் சேரச் சேர இயந்திரம் படுத்துவிடுகிறது.

பாதாளம் அந்த வரிகளைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். இன்டர்காம் அடிக்கவும், கடனே என்று எல்லாவற்றையும் அணைத்து எழுப்பினார்.

மதியம் தங்கை போன் செய்தாள். வேறு நாட்டில் இருக்கிறாள்; அவளுக்கு அது வேலைக்குக் கிளம்பும் நேரம். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரோடு பேச ஆளில்லை. தொலைக்காட்சி பேசும், இவர் சாப்பிடுவார். அதனால் தங்கையின் போனுக்காகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. கீழ்த்தளத்தில் போன் சரியாக எடுக்காது, படிக்கட்டின் அடியில் நின்றுதான் பேச வேண்டும். அன்று அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. மழையை, குடையை, தேடியை, குழாயை எல்லாம் வரிசையாகச் சொன்னார். இடது கையால் காற்றில் குழாய் வரைந்து காட்டினார். வடி எழுந்து போகிற இடத்துக்கு வந்தபோது, காதில் வைத்திருந்த போன் காதிலேயே மணியடித்தது.

பதறிப்போய் எடுத்தார். தங்கைதான்.

“அண்ணே, எவ்வளவு நேரமா பேசிட்டிருந்தே?”

“குழாய் வரைக்கும் சொல்லிட்டேனே.”

“எனக்குக் குடையோட கட் ஆயிடுச்சு. நானும் போடறேன் போடறேன், லைனே கிடைக்கல. இவ்வளவு நேரமும் யார்கிட்ட பேசினே, சுவத்துகிட்டயா?”

“சுவரு நல்லாத்தான் கேட்டுச்சு. உன்னை மாதிரி குறுக்க பேசல.”

“கட் ஆனா டொய்ங்னு ஒரு சத்தம் வருமே?”

“அது காதுல குத்துதுன்னு அணைச்சு வெச்சிருக்கேன்.”

“நல்ல ஆளு போ. அதையும் அணைச்சு வெச்சுட்டா, நான் இருக்கேனா போயிட்டேனான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அவர் போனோடு தன் அறைப் பக்கம் திரும்பினார்.

“அண்ணே? இப்ப நீ இருக்கியா?”

“இருக்கேன். கொஞ்சம் வேலை வந்துடுச்சு, வெச்சுடட்டுமா? சாயங்காலம் நானே பேசறேன்.”

“பேச மாட்டே. சரி, சாப்பிட்டுட்டாவது வேலையைப் பாரு.”

அவர் சாப்பிடவில்லை. தேடியிடம் ஒட்டுக்கேட்கிற கருவி அவரிடம் இருந்தது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை இதுவரை கேட்கவில்லை. சிக்னல் வராமல் போனதா, அல்லது அதை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா?

ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமைப் பற்றியும் இயங்குதளம் ஒரு குறிப்பு வைத்திருக்கும்: எந்தெந்தச் சிக்னலை இது கண்டுகொள்ளாது என்று. கவுன்ட்டர் கிளப்பிய தேடியின் குறிப்பைத் திறந்தார். உடைந்த குழாய்ச் சிக்னல் அதில் அணைக்கப்பட்டிருந்தது. தன் மேசையில் கிளப்பிய தேடியின் குறிப்பைத் திறந்தார். அணைக்கப்படவில்லை.

ஆனால் தேடிக்குள் அப்படி ஒரு வரியை அவர் எழுதவே இல்லை. மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. இல்லை. அப்புறம்தான் பிறப்பிடத்தை யோசித்தார். ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கிளப்பும்போது, தான் கண்டுகொள்ளாத சிக்னல்களை அதற்கும் கொடுத்துவிட்டுத்தான் கிளப்பும். அப்பாவின் மூக்கு பிள்ளைக்கு வருகிற மாதிரி. இவர் மேசையில் தேடியைக் கிளப்புவது இவருடைய கறுப்புத் திரை. அது எதையும் அணைத்து வைக்கவில்லை. கவுன்ட்டருக்காகக் கிளப்புவது ‘காவலாளி’. எல்லாக் கவுன்ட்டர்களின் திரை ஜன்னல்களிலிருந்தும் கேள்விகளை வாங்கி, ஆளுக்கொரு தேடியை அனுப்பிவைக்கும் பெரிய புரோகிராம் அது. இதே நாற்காலியில் முன்பு உட்கார்ந்திருந்தவர் எழுதியது. திறந்தார். தொடக்கத்திலேயே இருந்தது அந்த வரி: உடைந்த குழாய்ச் சிக்னலைக் கண்டுகொள்ளாதே.

அந்த வரியை அழித்தார். காவலாளியை மீண்டும் எழுப்பினார். முதல் தடவையாக இன்டர்காமை அவராக எடுத்தார்.

“அக்கா, ஒரு குடை கேளுங்க.”

“எனக்கு ஒண்ணும் தொலையலையே.”

“சும்மா கேளுங்கக்கா.”

கேட்டாள். பத்துக் குடைகள் வந்தன. வரிசையைப் பார்த்தார், தேடி இல்லை. செத்துவிட்டது. எழுந்து நின்று கைகளை உதறிக்கொண்டார். சொல்லிக் கொண்டாட ஆளில்லாததால் மறுபடியும் உட்கார்ந்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட நீடிக்கவில்லை. இன்டர்காம் அலறியது.

“பாதாளம், மழைகூட விட்டாச்சு, திரையில எல்லா ஜன்னலும் ஒண்ணா செத்துடுச்சு. சக்கரம்கூட சுத்தல. இங்க மேலாளர் நிக்கிறாரு.”

பின்னாலிருந்து மேலாளரின் குரல் கேட்டது: “மழை இல்லாமலே நின்னுடுச்சா? அப்ப இது முன்னேற்றம்தான்னு அவர்கிட்ட சொல்லுங்க. அடுத்த மழைக்கு நானே இங்க நாற்காலி போட்டு உட்காரப்போறேன், அதையும் சொல்லுங்க. அன்னிக்கும் நின்னா அதோட சரி.”

நடந்தது இதுதான். பக்கத்துக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தன் திரையில் அந்த ஜன்னலை மூடிவிட்டார். காவலாளி அந்த மூடிய ஜன்னலுக்குப் பதில் எழுதப் போனது. அதுவும் கேட்க ஆளில்லாத ஒரு முனைதான், அதனால் அதற்கும் அதே சிக்னல் வந்தது. காவலாளி அந்த இடத்திலேயே செத்தது. ஒருவர் எழுந்து போனதற்காக எல்லாருக்குமான ஆள் செத்துப்போனான். முன்னவர் அந்த வரியைக் காரணமில்லாமல் எழுதவில்லை. பலரோடு ஒரே நேரத்தில் பேசுகிறவனுக்கு அந்தக் காது கேட்காமல் இருப்பதுதான் நல்லது. ஒருவரோடு மட்டும் பேசுகிற தேடிக்குத்தான் அது ஆகாது.

அழித்த வரியைத் திரும்ப எழுதினார்.

மறுநாள் வேறு வழி பார்த்தார். காவலாளி தேடியை நேரடியாகக் கிளப்புவதில்லை. நடுவில், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ‘ஷெல்’ என்ற புரோகிராமுக்காக எழுதிய ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு இருந்தது. தேடியையும் வடியையும் குழாயால் இணைப்பது அதன் வேலை. அங்கே ஒரு வரி சேர்த்தார்: உடைந்த குழாய்ச் சிக்னலைப் பழைய வழக்கத்துக்குத் திருப்பு. காவலாளி காது கேளாதவனாகவே இருக்கட்டும், அவனுக்குக் கீழே வரும்போது காதைத் திறந்துவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் தேடி சாகவில்லை. பிழை என்று ஒரு எழுத்துகூட வரவில்லை. வரியை இடம் மாற்றினார், வேறு மாதிரி எழுதினார், கோப்பையே புதிதாக எழுதினார். கிணற்றில் போட்ட கல்.

கையேட்டை எடுத்து ஆரம்பத்திலிருந்து படித்தார். பலரும் தாண்டிப்போகிற ஒரு பத்தியில் பதில் இருந்தது. இப்படிக் கோப்பிலிருந்து கட்டளைகளை ஓட்டுகிற ஷெல், தான் உள்ளே வரும்போதே அணைக்கப்பட்டிருந்த சிக்னலைத் தன் கட்டளையால் திரும்ப மாற்றாது. தன்னைக் கிளப்பியவர் வேண்டுமென்றுதான் அணைத்திருப்பார், நடுவில் புகுந்து அதைக் கெடுக்கக்கூடாது என்கிற மரியாதை. அரை நாளை விழுங்கிய விதிதான், இருந்தாலும் பாதாளத்துக்கு அது பிடித்துப்போனது. எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்த மூலைமுடுக்கைக்கூட விடாமல் யோசித்திருக்கிறார். அவரோடு கொஞ்ச நேரம் பேசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மிச்சமிருந்த வழி தேடிக்குள்ளேயே கைவைப்பது. தொடக்கத்தில் ஒரே ஒரு வரி போட்டால், தேடி தன் காதைத் தானே திறந்துகொள்ளும், சிக்னல் வரும், சாகும். எழுதப் போனவர், எதற்கும் இருக்கட்டும் என்று தற்காலிகக் கோப்புகளின் இடத்தை எட்டிப் பார்த்தார். அங்கே பாதிக் குடைகள் கிடந்தன. பிடி மட்டும் உள்ள குடை, துணியின் மேல்பக்கம் மட்டும் உள்ள குடை. தன் மேசையில் சோதித்தபோதெல்லாம் செத்த தேடிகள், சுருக்கிக்கொண்டிருந்த படங்களை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தன. தனக்கு அது ஒழுங்காக வேலை செய்ததாக இதுவரை நினைத்திருந்தார். அது ஒழுங்கில்லை. கையிலிருந்ததை எடுத்துவைக்கக்கூட நேரம் கொடுக்காத சாவு.

இனி சாவது வேண்டாம், எழுந்து போகட்டும் என்று முடிவு செய்தார்.

தேடி ஒரு வரியை எழுதுகிற இடத்துக்கெல்லாம் போனார். எங்கேயும், எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று அது பார்க்கவே இல்லை. எழுதினால் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில் அவரே அப்படி எழுதியிருந்தார். இயங்குதளம் சொல்லும் பதிலை வாங்கிப் பார்க்கும்படி ஒவ்வொன்றாக மாற்றினார். கவனமாகச் செய்ய வேண்டிய வேலை, சுகமான வேலை. இன்டர்காம் ஒருமுறையும் அடிக்கவில்லை. வெளியில் வெயில்.

அப்புறம் மழையைக் காணோம். தினமும் காலையில் மேலே கூப்பிட்டு விசாரித்தார்.

“இன்னிக்கு வருமாக்கா?”

“என்கிட்ட கேட்டா? நான் தொலைஞ்ச பொருளுக்குத்தான் ஆளு. மழை இன்னும் தொலைஞ்சு போனதா யாரும் எழுதிக் குடுக்கல.”

வந்தது. ஜன்னலில்லாத அறையிலேயே தெரிந்தது. படிக்கட்டில் ஈரச் செருப்புகளின் தடம். சொன்னபடி மேலாளர் கவுன்ட்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கார்டு டிராயர்களை மேலே ஏற்றிச் சுவரோரம் அடுக்கியும் வைத்துவிட்டார் என்று அக்கா காலையிலேயே தகவல் சொல்லியிருந்தாள்.

பாதாளம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேடி என்று ஒரு பெயர் தோன்றியது, பக்கத்தில் குடை. மறைந்தது. இன்னொரு தேடி, மடக்குக் குடை. மறைந்தது. மூன்று சேர்ந்து வந்தன, மூன்றும் போயின. தற்காலிக இடத்தில் ஒரு பாதிக் குடைகூட இல்லை. மேலே யாரோ கேட்கிறார்கள், யாரோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். எல்லாம் நடக்கிறது, சத்தமில்லாமல்.

மதியத்துக்குமேல் அந்தச் சத்தமின்மை அவரை என்னவோ செய்தது. இன்டர்காமை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. திரும்ப வைத்தார். மழைநாள் என்றால் அவர் பெயரைச் சொல்லி ஒரு குரல் பலமுறை இறங்கிவரும். திட்டாகவோ கேலியாகவோ, எதுவாக இருந்தாலும் அது குரல். அது இனி வராது. வராமல் இருக்கத்தான் இவ்வளவு பாடுபட்டார். நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கவுன்ட்டர் மூடும் நேரத்தில் அடித்தது.

“பாதாளம், இருக்கியா?”

“இருக்கேன்க்கா.”

“மேலாளர் கிளம்பிட்டாரு. கார்டு டிராயரை எல்லாம் திரும்பக் கீழ கொண்டுபோகச் சொல்லிட்டாரு. நாளைக்கு ஆள் வருவாங்க, வழி விடு. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.”

“சொல்லாம இருந்தாலே நல்லதுதான்க்கா.”

“நல்லதுதான். ஆனா நாள் பூரா உன்னைத் திட்டாம, எனக்கே என்னவோ மாதிரி இருந்துச்சு. இனிமே மழைக்குக் கூப்பிட வேண்டி இருக்காதுல்ல?”

“இருக்காது.”

“ம்.” அந்தப் பக்கம் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. “அப்படி என்னதான் பண்ணே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. பஸ்ஸுக்கு நேரமிருக்கு.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கேக்க ஆளில்லைன்னா ஒரு சிக்னல் வந்து நிறுத்தும்னு தேடி, அதான் பொருளைத் தேடற என் புரோகிராம், இனிமே நம்பி உக்காராதுக்கா. யார் கிளப்பினாலும் முதல் வேலையா அந்தச் சிக்னலை அதுவே அணைச்சுடும், அதனால என் மேசையிலயும் உங்க கவுன்ட்டர்லயும் ஒரே மாதிரி நடந்துக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு வரி எழுதினதும், போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்கும். படிக்க ஆளில்லைன்னு பதில் வந்தா, தேடறதை அங்கேயே நிறுத்தி, கையில இருக்கற பாதிப் படத்தை அழிச்சுட்டு, பிழைன்னு கத்தாம வெளிய போயிடும். டிஸ்க் நிறைஞ்சு போச்சுங்கற மாதிரி வேற பதில் வந்தா மட்டும் சத்தமா சொல்லிட்டுப் போகும். கடைசி வரியையும் அதே மாதிரி பார்த்துட்டுத்தான் முடிக்கும்.”

“ம், கேட்டுட்டேன்” என்றது இன்டர்காம்.